நடுப்படி நீக்கப்பட்ட வரலாறு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மகத்தான சாதனை, மூன்று படி வேலையை இரண்டே படியில் முடித்தது. அந்தப் பெருமை ஆறாவது மாடியில் இயங்கிய ஒரு மென்பொருள் நிறுவனத்தையே சேரும்.

கணினிக்குள் ஓர் அட்டவணை உண்டு. எந்தத் தகவல் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். ஒரே கணினிக்குள் கணக்குப் போடும் பல பிராசஸர்கள் அவசரக்காரர்கள்; ஒவ்வொரு முறையும் அதைப் புரட்டச் சோம்பல்பட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு வரியை மாற்ற முறை உண்டு. பழையதை அழிக்க வேண்டும்; எல்லா பிராசஸரிடமும் ‘பழைய நகலை மறந்துவிடு’ என்று சொல்ல வேண்டும்; அதன் பிறகே புதியதை எழுத வேண்டும். பதினோரு வருடமாக இந்த வேலையைப் பார்த்துவந்த பெண்மணியை அலுவலகமே ‘அக்கா’ என்றது.

மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் மின்னல். அவர் ‘சிந்தனைச் சங்கமம்’ கூட்டினார். எல்லோரும் நின்றார்கள். உட்கார்ந்தால் சிந்தனை தேங்கிவிடுமாம்.

“நடுவுல அந்த ‘மறந்துடு’ எதுக்கு? எல்லாமே வேலைய நிறுத்திட்டு அதைக் கேட்டுக்கிட்டு நிக்குது. நாலு சதவீதம் வேகம் போகுது,” என்றார் மின்னல்.

“சொல்லலன்னா அதுங்க பழைய இடத்துக்கே போகும் சார். அங்க வேற ஆளோட தகவல் இருக்கும். இது ஆஸ்பத்திரிக்குப் போற மெஷின்,” என்றார் அக்கா.

“சோதனையில எத்தன தடவ தப்பு வந்துச்சு?”

“இதுவரைக்கும் வரல. எப்பவாவதுதான் வரும். ஆனா வந்தா...”

“பாத்தீங்களா! வராத ஒண்ணுக்கு வருத்தப்படறீங்க. உங்ககிட்ட பாசிட்டிவ் எண்ணம் கம்மி, அக்கா.”

அக்காவின் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம். வீடு அக்காவின் வேலையில்தான் ஓடியது. பயம்தான். ஆனாலும் நடுப்படியை நீக்கும் ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. மின்னல் பெருந்தன்மையோடு தானே போட்டுவிட்டு, கேக்கும் வெட்டினார்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் திரையில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மருந்துப் பட்டியல் வந்து நின்றது. ஊசியோடு வந்த நர்ஸ் திரையை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்த்தார். அதனால் ஓர் உயிர் தப்பியது.

விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் மின்னல். ஆழ்ந்த ஆய்வுக்குப் பின் உண்மை வெளிவந்தது: அக்காவுக்கு ஆபத்து முன்பே தெரியும், தெரிந்தும் ‘போதிய உற்சாகத்தோடு’ எச்சரிக்கவில்லை.

மறுநாள் காலை அக்காவின் அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை. பதினோரு வருடம் வணக்கம் சொன்ன காவலாளி தரையைப் பார்த்தபடி, “யாரப் பாக்கணும் மேடம்?” என்றார். பிறகு மனசு கேட்காமல் தன் கைபேசியை நீட்டினார். எல்லோருக்கும் போன சுற்றறிக்கை: ‘இனி அவரைத் தொடர்புகொள்ள வேண்டாம். அவரது எண்ணை நீக்கிவிடவும்.’

கண்ணாடிக் கதவு வழியே அவருடைய மேஜை தெரிந்தது. புதியவரின் பெயர்ப்பலகையை அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் ஒழுங்கைப் பாராட்டியே ஆக வேண்டும். வரிசை துளிகூடப் பிசகவில்லை.

“மொதல்ல அழிச்சாச்சு, எல்லாரையும் மறக்கச் சொல்லியாச்சு, அப்புறம்தான் எழுதறாங்க,” என்றார் அக்கா. “மூணு படியும் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குத்தான் நேரமில்லாம போச்சு.”