மச்சினன் டிவியில் ஒரு கறை

"ஏட்டி, உன் சீரியல் டிவியில பதிஞ்சு போச்சு."

அழகம்மை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். டிவி அணைந்திருந்தது. ஆனாலும் மேல்மூலையில், சானலின் சின்னம் வருகிற இடத்தில், மஞ்சளாக ஒரு கறை.

கணவர் முத்துக்குமாரசாமி தள்ளி நின்றே விரலால் அதைச் சுட்டினார். டிவி மச்சினன் தாணுமாலயனுடையது. மஸ்கட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்த பிளாஸ்மா. அஞ்சுகிராமத்தில் புது வீடு முடிகிறவரை சுசீந்திரத்தில் அக்கா வீட்டில் விட்டுவைத்திருந்தான். வருகிற ஞாயிறு எடுக்க வருகிறான்.

விட்டுப்போகும்போதே சொல்லியிருந்தான். "அத்தான், பழைய மாடலு. அசையாத படம் ரொம்ப நேரம் நின்னா அச்சு மாதிரி பதிஞ்சிரும். பெறவு, ஸ்கிரீன்ல ஒருத்தரும் கை வைக்கப்பிடாது."

அன்றுமுதல் அவர் அதன் தூசியைக்கூட வாயால் ஊதித்தான் விரட்டினார்.

முதல் வைத்தியமாக ரிமோட்டை மடியில் செருகிக்கொண்டார். எந்தச் சானலின் சின்னமும் நிலைத்து உட்காரவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"மாமியாக்காரி பால்ல என்னத்தயோ கலக்குதா. அந்த நேரம் பாத்து வெண்டைக்கா வெவசாயம் காட்டுதீங்களே?"

"உந்தம்பிக்கிட்ட நீ பதில் சொல்லுவியா?"

கறை அசையவில்லை. அடுத்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வாழ்க்கையில் யோசனை வந்து நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை. டிவியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சின்னம் வேறு மூலைக்குப் போய்விடும் அல்லவா?

"டிவியைக் கவுத்தா படமும் கூடச் சேந்துதான கவுரும்?" என்றாள் அழகம்மை.

திரும்ப நிமிர்த்தியபோது ஸ்டாண்டின் ஒரு கால் கையோடு வந்தது. டிவி அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டது.

ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் அழியாத ஸ்கூட்டரில் செல்போன் கடை ஞானதாசனைத் தேடிப் போனார்.

"கலர் மாறி மாறி ஓடுத வீடியோ இருக்கு அண்ணாச்சி. உங்க செட்டாப் பாக்ஸ்ல இன்டர்நெட் வரும்லா, அதுல போட்டு நாள் முழுக்க ஓடவிடுங்க. கறை கரைஞ்சிரும்."

சனிக்கிழமை காலையில் அதை ஓடவிட்டு, இருவரும் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திரும்பியபோது கலர் எதுவும் இல்லை. கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளை வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"மருந்து உள்ள எறங்குதுட்டி. தொந்தரவு பண்ணாத."

படுக்கப் போகும்வரை வளையத்தைச் சுற்றவிட்டு, அணைத்து, துண்டால் மூடினார். பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு தாணுமாலயன் மகள் சிவப்ரியாவோடு வந்தான். துண்டை விலக்கினால், கறை அப்படியே இருந்தது. முத்துக்குமாரசாமி தொண்டையைச் செருமினார். அதற்குள் அழகம்மை முந்திக்கொண்டாள்.

"நாந்தான் தாணு. ஒரே சானலைப் பாத்துப் பாத்து நாந்தான் கெடுத்தேன். அத்தானை ஒண்ணும் சொல்லாத."

அவர் மனைவியைப் பார்த்தார். இனி அவள் எந்தச் சீரியல் பார்த்தாலும் ரிமோட்டைத் தொடுவதில்லை என்று அந்தக் கணம் முடிவு செய்தார்.

சிவப்ரியா கறையருகே குனிந்தாள். துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தாள். கறையைக் காணோம்.

"ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம்லா இது?"

வைத்ததும் அவர்தான். சாமி காரியம் கை வைக்கிற கணக்கில் வராது என்று அன்றைக்கு நினைத்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். பாயசத்தை எடுக்கச் சொன்னார். தாணுமாலயன் டிவியைப் போட்டான்.

சிவப்ரியா துப்பட்டாவை மறுபடியும் நனைத்து, திரையின் நடுவில் தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"மாமா, சந்தனம் போயிட்டு. நடுவுல இந்த வளையம் மட்டும் எவ்வளவு தொடச்சாலும் போகமாட்டேங்கு."