கடல் பார்க்காத காட்டில் ஒரு தடைக்காலம்

ஒரு காட்டில், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாத ஒரு காட்டில், திடீரென்று மீன்பிடித் தடைக்காலம் அறிவிக்கப்பட்டது.

காரணம் நரி. அது சிங்கராஜாவின் ஆலோசகர். உறவினர் திருமணம் ஒன்றுக்காகக் கடலோரம் போயிருந்தபோது, மீன்கள் முட்டையிடும் காலம் என்று சித்திரை, வைகாசியில் படகுகளைக் கரையேற்றி வைத்திருந்ததைப் பார்த்தது. திரும்பி வந்ததும், "இதை நம்ம ஏரியிலும் கொண்டுவரலாம், மகாராஜா. பேர் வரும்" என்றது. பேர் வரும் என்றால் ராஜா எதற்கும் தலையாட்டுவார்.

ஆமைக்கு ஒரு சந்தேகம். "நம்ம ஏரி மீன் மழை வந்து புதுத்தண்ணி பாஞ்சாத்தானே முட்டை போடும்? சித்திரையில ஏரியே வத்திப்போயிடுமே?"

நரி புன்னகைத்தது. "நல்ல கேள்வி" என்றது. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அது கடலோரத்தில்தான் கற்று வந்திருந்தது.

அதுவரை அந்த ஏரியில் நடந்துவந்தது வேறு. கோடையில் தண்ணீர் குறையும்போது நீர்நாய் பவுனு வயிறு முட்டத் தின்பாள். மிச்ச மீன்களைக் கவ்விக்கொண்டு போய், சற்றுத் தொலைவில் இருக்கும் ஆற்று மடுவில் விட்டுவைப்பாள். பிற்பாடு தின்னத்தான். ஆனால் எல்லாவற்றையும் அவளால் தின்ன முடியாது. தப்பியவை மழைக்காலத்தில் வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு ஏரிக்குத் திரும்பிவரும். இதை யாரும் திட்டமிடவில்லை. அதனால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

தடையைக் காக்கும் பொறுப்பு கொக்கு ஏகாம்பரத்திடம் வந்தது. ஏகாம்பரம் லஞ்சம் வாங்காதவர். நேரம் தவறாதவர். ஓர் உத்தரவைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்காதவர். தடை வந்த நாளிலிருந்து மீனைத் தொடாமல், நத்தையும் வெட்டுக்கிளியும் தின்று மெலிந்துபோனார். இப்படிப்பட்ட ஒருவரிடம் எந்த உயிரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தினமும் காலையில் அவர் கரையில் ஒற்றைக் காலில் நின்று அறிவிப்பார்.

"இன்றைய ஏரி நிலவரம். தண்ணீர் தெளிவாக உள்ளது. மீன்கள் நலம்."

சில நாள் கழித்து: "தண்ணீர் இதமான வெப்பத்தில் உள்ளது. மீன்கள் முன்பைவிட நெருங்கிப் பழகுகின்றன."

இன்னும் சில நாள் கழித்து: "திரும்பிய இடமெல்லாம் மீன். தடையால் மீன்வளம் பெருகியிருப்பது கண்கூடு."

கேட்டுக்கொண்டிருந்த விலங்குகள் கைதட்டின. மீன்கள் தட்டவில்லை. அவற்றுக்கு முதுகு காய்ந்துகொண்டிருந்தது.

விரால்கள் சேற்றுக்குள் இறங்கிப் படுத்துவிட்டன. மழை வரும்வரை அவை யாரோடும் பேசாது. கெண்டைகளுக்கு அந்த வித்தை தெரியாது. கெண்டைகளில் மிகவும் மரியாதைப்பட்டவள் வேதவல்லி. அவளுக்கு ஒரே மகள், பூரணி. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்கியது.

பவுனு கரையோரம் வந்து குனிந்தாள். "வேதாக்கா, என் பேச்சக் கேளு. உன்னையும் பொண்ணையும் கவ்விட்டுப் போயி மடுவுல விட்டுடறேன்."

"உன் வாயிலயா?"

"பின்ன? பல்லக்கா வச்சிருக்கேன்?"

"போன வருஷம் என் தங்கச்சியைத் தின்னவதானே நீ?"

"தின்னேன். இல்லைங்கல. அது பசி, அக்கா. இது வேற. நீங்க மொத்தமா இந்தச் சேத்துல செத்து நாறிட்டா, மழைக்கப்புறம் ஏரிக்கு மீனு எங்கேர்ந்து வரும்? அடுத்த வருசம் எம்புள்ளைங்க எதத் திங்கும்?"

இவ்வளவு நேர்மையான வாக்குறுதியை வேதவல்லி அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் தயங்கினாள். "தடைக்காலத்துல ஏரியை விட்டுப் போறது தப்பாச்சே. நாளைக்கு ஒரு கேஸுன்னு வந்துட்டா? கல்யாணத்துக்குப் பொண்ணு வச்சிருக்கேன் பவுனு. யாரு கட்டுவா?"

"உசுரோட இருந்தாத்தானேக்கா கட்டுறதுக்கு?"

வேதவல்லி மகளைத் தள்ளிக்கொண்டு ஏரியின் நடுப்பக்கம் நகர்ந்தாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஜிலேபி மீன் ஒன்று, மானம் மரியாதை என்று எதையும் வைத்துக்கொள்ளாத இளவட்டம், "என்னைத் தூக்குங்க அத்தை" என்றது. பவுனு அதைக் கவ்விக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் ஏகாம்பரம் மறித்தார்.

"நில். வாயில் என்ன?"

பவுனு மீனைத் தரையில் வைத்தாள். "மீனு சார். திங்கல சார். மடுவுல விடத்தான்."

"வாயில் மீன் இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு."

"முடிந்தது."

"நான்தான் சார் தூக்கச் சொன்னேன்!" என்று ஜிலேபி துள்ளியது.

"பாதிக்கப்பட்டவர் குறுக்கே பேசக்கூடாது."

இப்போது ஏகாம்பரத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. பறிமுதல் செய்த மீனை வழக்கு முடியும்வரை கெடாமல் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும் என்று நரி கொண்டுவந்த விதி சொன்னது. காட்டில் ஐஸ் கிடையாது. அவர் யோசித்தார். கெடாத மீன் என்றால் உயிருள்ள மீன். உயிருள்ள மீன் என்றால் தண்ணீர். வற்றாத தண்ணீர் இருக்கும் ஒரே இடம் ஆற்று மடு. ஜிலேபியை அலகில் எடுத்துக்கொண்டு மடுவை நோக்கி நடந்தார்.

"இப்ப உங்க வாயில மீன் இருக்கே சார்?" என்றாள் பின்னால் வந்த பவுனு.

பதில் சொல்வதற்காக அவர் மீனை மறுபடி தரையில் வைத்தார். "இது வாய் இல்லை. அரசு வாகனம்."

ஜிலேபி குளிர்ந்த ஆழத்தில் விடப்பட்டது. பவுனு மடுக்கரைப் பொந்தில் காவலில் வைக்கப்பட்டாள். இருவருக்கும் போக வேண்டிய இடத்துக்கே போய்ச்சேர்ந்த திருப்தி. செய்தி அன்று மாலையே ஏரிக்கு வந்துவிட்டது.

அதன்பிறகு ஏரியில் குற்றங்கள் பெருகின. மீன்கள் எல்லை தாண்டிக் கரையில் துள்ளி விழுந்தன. அதிகாரியின் நிழலில் எச்சில் துப்பின. கெளுத்தி ஒன்று தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டே திருடியது. என்ன திருடுவது என்று தெரியாததால் ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டது. ஏகாம்பரம் ஒவ்வொருவரையும் கைது செய்து மடுவில் அடைத்துவிட்டு வந்து, "சட்டம் ஒழுங்கு இப்படிக் கெட்டுப்போய்விட்டதே" என்று வருந்தினார்.

நல்ல குடும்பத்து மீன்கள் ஏரியின் நடுக்குழியில் ஒதுங்கி நின்றன. "கேஸ்ல பேரு வர்றதுக்கு இப்படியா அலையும்?" என்று பேசிக்கொண்டன. வேதவல்லியும் அதையேதான் சொன்னாள். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை அறிவிப்பு வந்தது. "இன்றைய ஏரி நிலவரம். ஏரி உலர்ந்த, சுகாதாரமான நிலையில் உள்ளது."

பூரணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செவுள் எப்போதோ ஒரு முறைதான் திறந்தது. வேதவல்லி சேற்றில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே கொக்கின் காலடிக்கு வந்தாள்.

"சார்."

"சொல்லுங்கம்மா. உங்களை மாதிரி அமைதியான குடும்பத்தைப் பார்த்தாத்தான் இந்த வேலையிலேயே ஒரு பிடிப்பு வருது."

"எங்களைக் கைது பண்ணுங்க சார்."

"என்ன குற்றம் செஞ்சீங்க?"

வேதவல்லி யோசித்தாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் ஒழுக்கத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒண்ணும் செய்யல சார்."

"அப்புறம் எப்படிம்மா? நிரபராதியைத் தொட்டா என் வேலை போயிடும்."

வேதவல்லி பாய்ந்து அவர் காலைக் கடித்தாள்.

"கூசுதும்மா" என்றார் ஏகாம்பரம்.

"அதிகாரியைத் தாக்கியிருக்கேன் சார்!"

"காயம் வேணும்மா. கெண்டைக்கு வாயில பல்லே கிடையாதே. கோர்ட்டுல சிரிப்பாங்க." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அப்போது சேற்றிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "ராஜாவுக்கு நீந்தத் தெரியாது."

ஏகாம்பரத்தின் தூக்கிய கால் கீழே வந்தது. "யாரது? என்ன சொன்னே?"

"நீந்தத் தெரியாது" என்றாள் பூரணி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "தண்ணியில தூக்கிப் போட்டா பூனை மாதிரி கத்துவாரு."

அது உண்மை என்பது ஏகாம்பரத்துக்கும் தெரியும். அதனால் குற்றம் இன்னும் கடுமையானது. "ராஜத்துரோகம்" என்று முணுமுணுத்தபடி பூரணியை அலகில் தூக்கினார்.

"நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்!" என்று வேதவல்லி கத்தினாள். அவள் சொன்ன முதல் பொய் அது.

அவர் பூரணியைக் கீழே வைத்தார். "உடந்தை. இங்கேயே இருங்க, ஒரு நடைக்கு ஒருத்தர்தான்" என்றார். மறுபடி தூக்கிக்கொண்டு பறந்தார்.

வேதவல்லி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெயில் ஏறியது. மகள் போய்ச் சேர்ந்தாளா என்று சொல்ல ஆளில்லை. ஆனால் தொடங்கிய வேலையைப் பாதியில் விடும் வழக்கம் ஏகாம்பரத்திடம் இல்லை. திரும்பி வந்தார். வேதவல்லியைத் தூக்கும்போது அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. நத்தை தின்று வாழ்கிறவர், பாவம். இருந்தாலும் விதி விதிதான்.

அவள் கிளம்பியபோது நடுக்குழியில் நல்ல குடும்பங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. "பொண்ணு பேசின பேச்சைக் கேட்டியா?" என்றது ஒன்று. "வளர்ப்பு சரியில்ல" என்றது இன்னொன்று. அந்த ஏரியில் கடைசியாகப் பேசப்பட்ட வார்த்தைகள் அவை.

தடைக்காலம் முடிந்தது. ஏரியில் ஒரு மீன்கூடப் பிடிக்கப்படவில்லை என்று நரி சபையில் அறிவித்தது. சிங்கராஜா ஏகாம்பரத்துக்குச் சால்வை போர்த்தினார். ஏரிப் பக்கமிருந்து வீசிய நாற்றத்தால் விழாவைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள்.

பிறகு மழை வந்தது. புதுவெள்ளத்தில் ஆற்று மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு ஏரியை நோக்கி ஏறின. தடைதான் முடிந்துவிட்டதே! காடே வாய்க்காலில் இறங்கி நின்று அவற்றைப் பிடித்துத் தின்றது. ஜாமீனில் வந்த பவுனுவும்தான். மடுவிலும் தினம் மீன் குறைந்தது. வழக்கில் இருந்த மீன்களை மட்டும் யாரும் தொட முடியவில்லை. தீர்ப்பு வரும்வரை அவை அரசாங்கச் சொத்து. ஏகாம்பரம் காலை, மாலை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"உன் கேஸு எப்பக்கா முடியும்?" என்று பவுனு கரையிலிருந்து அன்பாக விசாரிப்பாள்.

"வாய்தா வாங்கியிருக்கோம்மா" என்பாள் வேதவல்லி. "ராஜத்துரோகமாச்சே, லேசுல முடியாது."

ஐப்பசியில் பூரணியைப் பெண் பார்க்க ஆற்றுக் கெண்டைக் குடும்பம் ஒன்று வந்தது. நிறைய பேராகப் புறப்பட்டார்களாம். வழியில் குறைந்து, மாப்பிள்ளையும் அவன் அம்மாவும்தான் வந்துசேர்ந்தார்கள்.

"எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம் சம்பந்தி" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பின்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனதும் பையன் பேரையும் குற்றப்பத்திரிகையில சேர்த்துக்குவாங்களா?"

வேதவல்லி மாப்பிள்ளையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பையன் லட்சணமாகத்தான் இருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "எங்க குடும்பத்துல கேஸ் இல்லாத இடத்துல பொண்ணு குடுக்கற வழக்கமில்ல. முதல்ல தம்பியை ராஜாவைப் பத்தி ஏதாவது ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. கொக்கு சார் இப்ப வர்ற நேரம்தான்."

நீதி: சட்டம் உங்களைப் பாதுகாக்க வருகிறது என்று கேள்விப்பட்டால், அது வந்து சேர்வதற்குள் ஒரு குற்றத்தைச் செய்து உயிர் பிழைத்துக்கொள்ளுங்கள்.