மணி அடிக்கும் பலகை

இனிமேல் பிரம்பைத் தொடுவதில்லை என்று தம்புசாமி வாத்தியார் சபதம் எடுத்தார். எடுத்த கையோடு பிரம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி நல்லம்மாளிடம் நீட்டினார். ஒட்டடை அடிக்க வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"அப்போ பிள்ளைங்களுக்கு யாரு பாடம் சொல்லித் தருவா?" என்றாள் நல்லம்மாள்.

"பலகை!"

மலேசியாவுக்குக் கலர் டிவி வந்திருந்த புதிது அது. பெட்டாலிங் ஜெயாவில் நடந்த ஆசிரியர் கருத்தரங்கில், வெளிநாட்டிலிருந்து வந்த பலகை ஒன்றைக் காட்டியிருந்தார்கள். இடது பக்கம் கேள்விகள், வலது பக்கம் பதில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திருகாணி. முன்னால் இரண்டு கம்பிகள் தொங்கும். ஒரு கம்பியைக் கேள்வியிலும் மற்றதைச் சரியான பதிலிலும் வைத்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும். தப்பான பதிலில் வைத்தால் சும்மா இருக்கும். திட்டாது, முறைக்காது, காதைத் திருகாது. அன்று மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குத் திரும்பிய தம்புசாமிக்கு, வழியில் எரிந்த சிவப்பு விளக்கெல்லாம் சரியான பதிலாகவே தெரிந்தது. எதிலும் நிற்காமல் வந்து சேர்ந்தார்.

"பிள்ளை தொடுது, பலகை பதில் சொல்லுது! வாத்தியார் நடுவுல இல்லவே இல்ல. யோசிச்சுப் பாரு நல்லம்மா!"

"யோசிச்சேன். மாசச் சம்பளம் பலகைக்கா, உங்களுக்கா?"

மேதைகள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. தம்புசாமி வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரி தன் கதவை இழந்தது. ரேடியோ பேட்டரியை இழந்தது. டார்ச்லைட் பல்பை இழந்தது. அதுவரைக்கும் நல்லம்மாள் பொறுத்துக்கொண்டாள். கடைசியாக வாசல் மணியைக் கழற்றினார் பாருங்கள், அங்கேதான் வினை தொடங்கியது.

நல்லம்மாள் தையல்காரி. அவள் கையால் தைத்த ரவிக்கையை மறுபடி பிரித்துத் தைத்ததாகக் கிள்ளானில் யாரும் சொன்னதில்லை. கேரி தீவிலிருந்துகூட ஆள் வரும். தையல் மெஷின் இருப்பது பின்னறையில். மெஷின் ஓடும்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது, மணி ஒன்றுதான் கேட்கும்.

"மாரியாயி அக்கா அவ்வளவு தூரத்துலேருந்து வந்து, கேட் பக்கத்துல நின்னு கத்திட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. என் பெல்ல எப்பத்தாங்க மாட்டுவீங்க?"

"கல்விக்காக ஒரு பெல்லத் தியாகம் பண்ணக்கூடாதா?"

"பண்ணலாமே. உங்க மோட்டார் சைக்கிள் ஹாரனப் பண்ணுங்களேன்."

பலகை வகுப்புக்குப் போனது. மூன்றாம் வகுப்பில் அது முதல் தடவை 'டிங் டாங்' என்று அடித்தபோது பாதி வகுப்பு எழுந்து நின்றது, மீதி வகுப்பு யார் வந்திருக்கிறார்கள் என்று ஜன்னலுக்கு ஓடியது. பிறகு நடந்ததைப் பார்த்துத் தம்புசாமியால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. வாயைத் திறக்கவே திறக்காத பிள்ளைகள் பலகைக்கு முன் வரிசை பிடித்தார்கள். ஓய்வு நேரத்தில் கேண்டீனில் விற்கும் மீ நூடுல்ஸை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மாநிலங்களும் தலைநகரங்களும் எழுதிய தாளை மாட்டினார், மணி அடித்தது. வாய்ப்பாட்டை மாட்டினார், அடித்தது. மலாய்ச் சொற்களை மாட்டினார், முன்னைவிட வேகமாக அடித்தது. தலைமையாசிரியர் சத்தம் கேட்டு வந்தவர், அந்தக் காட்சியைப் பார்த்து, தன்னை அறியாமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

சேதி கல்வி இலாகாவரை போனது. தமிழ்ப் பள்ளிகளை மேற்பார்க்கும் அமைப்பாளர் சின்னையா வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடித்துவிட்டால், பெட்டாலிங் ஜெயாவில் பயிற்சி ஆசிரியர்களுக்கு முன்னால் தம்புசாமி நின்று பேசுவார். வாத்தியார்களுக்கே வாத்தியார்! அவர் ஆயுசு முழுக்கக் கண்ட கனவு அது ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்கப் பலகை சாயங்காலமானால் வீட்டுக்கு வந்தது, மெருகேற்ற. உலகமே பிரமித்த அந்தப் பலகையை நல்லம்மாள் தினமும் துணியால் துடைத்தாள். துடைத்ததோடு சரி. அதுதான் தம்புசாமிக்குப் பொறுக்கவில்லை.

"தலைமையாசிரியரே செருப்பக் கழட்டிட்டாரு. நீ என்னடான்னா தூசி தட்டுற."

"தூசி படியுது, தட்டுறேன்."

பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு அப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலப் பேப்பர் படிக்க இங்கேதான் வருவார். சாட்சிக்கு ஆள் இருக்கும் தைரியத்தில் தம்புசாமி அன்று காலைதான் எழுதிய புதுத் தாளைப் பலகையில் மாட்டினார்.

"இதுல பன்னெண்டு நாடு. எல்லாம் ஐரோப்பா. தலைநகரம் எதுன்னு ஒண்ணுகூடத் தப்பாம தொட்டுக் காட்டு பாப்போம்."

"தொட்டா என் பெல்லக் குடுத்துடுவீங்களா?"

"தொட்டாவா? ஆறாம் வகுப்போட நின்னவ நீ! நீ தொட்டுட்டா, இந்த பெல் திரும்ப நம்ம வாசலுக்கு வர்ற வரைக்கும் நானே வாசல்ல உக்காந்து பெல்லா இருக்கேன்!"

"கார்த்திகேசு அங்கிள், கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"ஓம், ஓம், வடிவாக் கேட்டனான்," என்று கார்த்திகேசு பேப்பரை மடித்து வைத்தார்.

நல்லம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கம்பிகளை எடுத்தாள். அவளுடைய மூக்குக் கண்ணாடி உள்ளே தையல் மெஷின் மேல் கிடந்தது. டிங் டாங். அடுத்தது, டிங் டாங். நார்வேயில் தயங்குவாள் என்று தம்புசாமி எதிர்பார்த்தார். டிங் டாங். போர்ச்சுகலில் வழுக்குவாள் என்று நம்பினார். டிங் டாங். பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தபோது கார்த்திகேசுவின் கையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

தம்புசாமி பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவியை அல்ல, பலகையை.

"அங்கிள், பாத்தீங்களா இதோட சக்திய! வெறும் தூசி தட்டுனவளுக்கே ஐரோப்பா முழுக்க வந்துடுச்சு. உக்காந்து படிச்சா என்ன ஆகும்!"

"மை குட்னஸ், மாஸ்டர்! என்ர பேத்தியையும் கூட்டி வந்து தூசி தட்ட விடட்டோ?"

நல்லம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொடியில் கிடந்த துவாலையை எடுத்துப் பலகை மேல் போர்த்தினாள். கேள்வியும் தெரியவில்லை, பதிலும் தெரியவில்லை. துவாலைக்கு அடியில் கையை விட்டாள். டிங் டாங், டிங் டாங், டிங் டாங்.

தம்புசாமியின் கும்பிட்ட கை கீழே இறங்கியது.

"நான் எதையும் படிக்கலீங்க. கண்ணாடிகூடப் போடல. மொதக் கேள்விக்கு ஏழாவது பதில், ரெண்டாவதுக்கு மூணாவது. தொடைக்கறப்ப கம்பி பட்டுப் பட்டு அடிச்சதுல மனசுல நின்னுப்போச்சு. நீங்க முன்னால தாளத்தான் மாத்துறீங்க. பின்னால கேள்வியையும் பதிலையும் சேக்கற கம்பி எப்பவும் அதே இடம்தானே லா?"

கார்த்திகேசு ஆறிய தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அப்ப... பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்?"

மறுநாள் காலை தம்புசாமி ஒரு வெள்ளைத் தாளைப் பலகையில் மாட்டினார். கேள்வி இல்லை, பதில் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தார்கள். என்ன பாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை, கொடுத்த வாக்குப்படி, தம்புசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணி தைக்க யாராவது வந்தால் "நல்லம்மா! ஆள் வந்திருக்கு!" என்று கூவினார். குரலில் உயிரே இல்லை. வெள்ளிக்கிழமை அமைப்பாளர் வருவார். ஒரு தாளைத் திருப்பிப் போட்டால் போதும், தம்புசாமியின் மானம் கிள்ளான் ஆற்றோடு போய்விடும்.

நல்லம்மாள் வெளியே வந்து பார்த்தாள். மனசு இளகிவிட்டது.

"எந்திரிங்க. பிள்ளைங்க மேல தப்பில்ல. எதத் தொட்டா சீக்கிரம் அடிக்குமோ அதக் கத்துக்கிட்டாங்க. நீங்க கம்பிய ஒரேயடியா வெச்சுத் தைச்சிட்டீங்க. ரவிக்கைன்னா கழட்டி மாட்டத் தெரியணுமில்ல?"

பலகையைக் குப்புறப் போட்டாள். பித்தளைக் கொக்கிகள் இருந்த டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு ரவிக்கைக் கொக்கி, ஒவ்வொரு திருகாணியிலும் அதை மாட்ட ஒரு வளையம். பதில்களைத் தாளில் எழுதாமல் அட்டைத் துண்டுகளில் எழுதச் சொன்னாள். அட்டைகளை இடம் மாற்றி வைத்து, பின்னால் கொக்கிகளையும் அதற்கேற்ப மாற்றி மாட்டினால் தினமும் ஒரு புதுப் பலகை. தம்புசாமி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "இத நானே யோசிச்சு வெச்சிருந்தேன். நேரந்தான் கிடைக்கல," என்றார்.

"தெரியுமே," என்றாள் நல்லம்மாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அமைப்பாளருக்கென்று பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு நல்லம்மாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெரியவர்கள் தலைமையாசிரியர் அறையில் பசியாறிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தனியாக வகுப்புக்குள் போய் அட்டைகளையும் கொக்கிகளையும் மாற்றிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வந்த சிறுமி பழைய பழக்கத்தில் படக்கென்று கம்பியை வைத்தாள். மணி அடிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். அடிக்கவில்லை. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் பலகையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். மெல்ல உதடு அசைந்தது. படித்தாள்! எழுத்துக் கூட்டி, கேள்வியைப் படித்தாள், பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பெஞ்சில் இருந்த பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து முணுமுணுத்தார்கள். "அதில்ல, அதுக்குக் கீழ!" "டேய், அது கெடா மாநிலத்தோட தலைநகரம்டா!" என்று சண்டையே வந்தது. அவள் யோசித்து, ஒரு பதிலில் கம்பியை வைத்தாள்.

டிங் டாங்.

அமைப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தம்புசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் கேட்ட மணி ஒன்றுகூட இந்த ஒரு மணிக்கு ஈடாகாது என்று அவருக்கு அப்போது தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நிமிஷத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அற்புதம்யா!" என்றார் அமைப்பாளர். "நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க பாப்போம்."

"நானா? நான் கண்ண மூடிக்கிட்டே தொடுவேன் சார்!"

சொன்னதோடு நிற்காமல், பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, அமைப்பாளரைப் பார்த்துச் சிரித்தபடி, கையைப் பின்னால் கொண்டுபோய் முதல் கேள்வியையும் ஏழாவது பதிலையும் தொட்டார். நிசப்தம். அழுத்தித் தொட்டார். நிசப்தம். இரண்டாவது கேள்வி, மூன்றாவது பதில். ஒரு சத்தமும் இல்லை.

"பேட்டரி... பேட்டரி போயிடுச்சு சார்."

மூன்றாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது: "சார், படிச்சுப் பாத்துத் தொடுங்க சார்!"

கடைசி பெஞ்சில் நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அமைப்பாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி பலகையைத் திருப்பினார். பின்பக்கம் வரிசையாக ரவிக்கைக் கொக்கிகள் மின்னின. அவருடைய சிரிப்பு நின்றது. ஒரு கொக்கியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"வெளிநாட்டுப் பலகையில இது இல்லியே! இது யாரோட யோசனை?"

"நாங்கதான் சார்..."

"நாங்கன்னா?"

தம்புசாமி வகுப்பைப் பார்த்தார். முன்னால் மூன்றாம் வகுப்பு, பின்னால் நல்லம்மாள். "வீட்டுக்காரிதான் சார்," என்றார்.

அமைப்பாளர் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்துபோனார். "அம்மா, அடுத்த வாரம் நீங்க பெட்டாலிங் ஜெயாவுக்கு வரணும். வாத்தியாருங்களுக்கு இத நீங்கதான் சொல்லித் தரணும். பலகைய இப்பவே நான் கார்ல எடுத்துக்கிட்டுப் போறேன். அங்கேயே, எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சிடலாம்."

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க சார்."

தம்புசாமி பதறிப்போய் மனைவியின் காதருகே குனிந்தார். "நல்லம்மா, பெல்லு! உன் பெல்லு அதுலதான் இருக்கு!"

"இருக்கட்டுங்க," என்றாள் நல்லம்மாள். "கல்விக்காக ஒரு பெல்லத் தியாகம் பண்ணக்கூடாதா?"

அடுத்த வாரம் பெட்டாலிங் ஜெயாவில் அவள் பேசினாளாம், கூடியிருந்த வாத்தியார்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். பலகை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இன்றும் இருக்கிறது, வாசல் மணியோடு. புது மணி ஒன்று வாங்கிவிடலாமே என்று தம்புசாமி இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தார். அந்த மணி திரும்பி வருகிறவரைக்கும் என்றுதானே பேச்சு என்று கார்த்திகேசு பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஞாபகப்படுத்தினார்.

பேர் பரவியதில் தையலுக்கு ஆள் கூடிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம், தம்புசாமி வாசல் நாற்காலியில் இருந்தார். கேரி தீவிலிருந்து மாரியாயி அக்கா துணிப்பையோடு கேட்டைத் திறந்தாள்.

"நல்லம்மா! ஆள் வந்திருக்கு! நல்லம்மா! ஆள் வந்திருக்கு!"

பின்னறையில் மெஷின் நின்றது.

"ஒரு தடவ அடிச்சாப் போதும் லா, காதுல விழுது!"