கூட்டுச் சமையல் சான்றிதழ்

கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று கண்டறிய ஒரு அலுவலகத்துக்கு இருக்கும் ஒரே நம்பகமான வழி, அவர்களைச் சமைக்கவிட்டு நேரம் பார்ப்பதுதான். இதை நான் சொல்லவில்லை. எங்கள் அத்திம்பேர் சாய் கிருஷ்ணாவின் ஆபீஸ் சுற்றறிக்கை சொல்கிறது.

மேலிடத்தில் ஒரு பெரிய அதிகாரி ரீல்ஸ் பார்த்திருக்கிறார். அதில் ஒரு ஜோடி ஒரே மாதிரி ஏப்ரன் கட்டிக்கொண்டு, இருபது நிமிஷத்தில் சமைத்து, காரணமில்லாமல் சிரித்திருக்கிறது. மறுநாளே ‘தம்பதியர் துரித எளிய இல்லச் சமையல் திட்டம்’ பிறந்துவிட்டது. மனைவிக்குக் கொல்கத்தாவில் வேலை, அதனால் என்னையும் இங்கேயே விடுங்கள் என்று கேட்பவர்கள், இனி கூட்டுச் சமையல் சான்றிதழ் இணைக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் சமைத்தால் சேர்ந்து வாழ்கிறார்கள். இருபத்தொன்று ஆனால் தனித்தனியாகத்தான் வாழ்கிறார்கள். ஆகவே ஒருவரை வங்காளத்தின் வடகோடியில் இருக்கும் கூச் பிஹாருக்கு மாற்றுவதில் தவறில்லை.

அக்கா பத்மஜா கொல்கத்தா பவானிபூரில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஒன்பது மாதம். அத்திம்பேரின் கூச் பிஹார் ஆர்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், டாக்குரியாவில் இருக்கும் அக்காவின் இரண்டாம் மாடி வீட்டுக்கு ஆய்வுக் குழு வந்தது. தலைவர் கோஷால் பாபு. ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஒருவர். அவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று பார்க்க ஒருவர். ருசி பார்க்க இருவர்.

“சமையலறையில் மூன்றாம் நபர் கூடாது” என்று என்னை வெளியே தள்ளிவிட்டு, ஐந்து பேரும் உள்ளே போனார்கள். நான் வாசற்படியில் நின்றே பார்த்தேன்.

“பௌதி, என்ன பண்றீங்க?” என்று அக்காவைக் கேட்டார் கோஷால் பாபு. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி.

“வெண்பொங்கல், கொத்சு.”

கோஷால் பாபு பட்டியலைப் புரட்டினார். “பொங்கல் இல்லையே. கிச்சுரி இருக்கு.”

“கிட்டத்தட்ட அதேதான் ஸார். மஞ்சள் கிடையாது.”

“சரி. ‘மஞ்சள் விடுபட்ட கிச்சுரி’ன்னு எழுதிக்கிறேன்.”

ஸ்டாப்வாட்ச் கிளிக் என்றது.

“சாய், வெங்காயம் நறுக்கு. அது பூண்டு. வெங்காயம்டா!”

“ரெண்டையும் ஒரே கூடையில போட்டா நான் என்ன பண்றது?”

அத்திம்பேர் நறுக்கினார். கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது.

“கணவர் அழுகிறார். எழுதட்டுமா?” என்றார் ஸ்டாப்வாட்ச்காரர்.

“எழுது. காரணம் கேட்காதே, அது அவங்க சொந்த விஷயம்” என்ற கோஷால் பாபு அக்கா பக்கம் திரும்பினார். “விதி ஆறு. கிளறும்போது ரெண்டு பேர் கையும் கரண்டியில இருக்கணும்.”

“குக்கர் மூடியிருக்கே ஸார்.”

“அப்போ மூடியைப் பிடிச்சுக்குங்க.”

“சுடுமே!”

“சேர்ந்துதானே சுடும்?”

பதினெட்டு நிமிஷம் நாற்பது செகண்டில் மிளகும் முந்திரியும் நெய்யில் பொரிந்து பொங்கலில் விழுந்தன. அக்கா மூச்சுவிட்டாள். ருசி பார்ப்பவர்கள் இருவரும் பார்த்தார்கள். பிறகு ஸ்டாப்வாட்ச்காரர் பார்த்தார். அவர் சரியாகப் பார்க்கிறாரா என்று மற்றவர் பார்த்தார். வெளியே மழை. மழை நாளில் கிச்சுரி வாசனை வந்தால் கொல்கத்தாவில் எந்த விதியும் தாங்காது. கோஷால் பாபு “கூட ஒரு வறுத்த மீன் இருந்திருந்தா...” என்று பெருமூச்சு விட்டபோது குக்கரின் அடி தெரிந்தது.

பேனாவைத் திறந்தவர் நின்றுவிட்டார்.

“விதி ஒன்பது. சமைச்சதைத் தம்பதியர் சேர்ந்து சாப்பிடணும். எங்கே, சாப்பிடுங்க.”

அக்கா காலிக் குக்கரைச் சாய்த்துக் காட்டினாள். “எல்லாத்தையும் நீங்கதானே சாப்பிட்டீங்க?”

“நாங்க சாப்பிட்டது விதி எட்டுப்படி. இது ஒன்பது. சேர்ந்து சாப்பிடாதவங்களைச் சேர்ந்து வாழ்றாங்கன்னு எப்படி எழுதுவேன்? எனக்கும் மனசாட்சி இருக்கு, பௌதி. பத்து நிமிஷம் தரேன்.”

அத்திம்பேர் முகத்தில் கூச் பிஹார் தெரிந்தது. அக்கா பால்கனிக்குப் போனாள். காய்கறி வாங்கக் கீழே பை இறக்கும் கயிறு அங்கே தொங்கும். அதை இறக்கி, கீழே ரோல் கடைக்காரரைப் பார்த்துக் கத்தினாள்: “காக்கு! ரெண்டு பனீர் ரோல்! சீக்கிரம்!”

பை நிறைந்தது. ஈரக் கயிறு வழுக்கியது. அத்திம்பேர் பாய்ந்து அவள் கையோடு சேர்த்துப் பிடித்தார். இருவரும் இழுத்து ஏற்றி, நின்ற இடத்திலேயே ஆளுக்கொரு ரோலைக் கடித்தார்கள். மூன்றாம் நபருக்கு ரோல் இல்லை.

கோஷால் பாபுவின் கண் விரிந்தது. “ரெண்டு பேர் கையும் இருக்கு. கேஸ் செலவில்லை, அழுகையில்லை. ஒன்பதே நிமிஷம்! எழுதிக்கோ: கயிற்று முறை.”

சான்றிதழ் வந்தது. கூச் பிஹார் ஆர்டர் போனது. இப்போது அலுவலகம் எல்லாத் தம்பதியருக்கும் பன்னிரண்டு மீட்டர் கயிறு தருகிறது, தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கும். வீட்டில் குக்கர் வைத்திருப்பவர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

ருசி பார்க்கும் பதவிக்கும் ஆள் எடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் போதும். சமைக்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம், பாரபட்சம் வந்துவிடும். விளம்பரத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். மறுநாள் விண்ணப்பித்தேன். வேலை கிடைத்துவிட்டது.

“வெக்கமா இல்லையாடி?” என்றாள் அக்கா.

“முதல் ஆய்வு உன் வீடுதான்” என்றேன். “மழை நாளாப் பார்த்து வரேன்.”