பிரேக் போட்டால் பாட்டு

ஹெட்லைட்டைப் போட்டால்தான் பாடியது. அணைத்தால் ஊமையாகிவிட்டது.

அன்பரசன் காரின் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். புது மியூசிக் செட் வாங்கி, தானே ஒயர் இழுத்து, தானே மாட்டிய பெருமை அவனுக்கு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். இந்த வெயிலில் லைட்டை எரியவிட்டுக்கொண்டு போனால் எதிரே வருகிறவனெல்லாம் விரலை மடக்கி மடக்கிக் காட்டுவான்.

"யோவ், பேசாம டென்னிஸ் அண்ணன் மாதிரி கடையில குட்த்துடேன்" என்றாள் மனைவி செங்கொடி, வாசலில் நின்றபடி.

அந்தப் பெயர்தான் அவனுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு டென்னிஸ் போன வாரம் காரைக் கடையில் விட்டு செட் மாட்டிக்கொண்டு வந்தான். அதிலிருந்து அவன் வண்டியைக் கிளப்பினால் திருவொற்றியூரில் அந்தத் தெருவே அதிர்கிறது. அன்பரசன் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் போடுகின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். செங்கொடி இட்லி ஊற்றிக்கொண்டே அந்தப் பாட்டுக்குத் தலையாட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

"பெரம்பூர்ல ரயில் பொட்டிக்கே ஒயர் இழுக்கறவன் நானு. இந்தத் தம்மாத்தூண்டு காருக்கு இன்னொருத்தன்கிட்ட போவணுமா?"

"ரயிலு பொட்டி பாட்டு பாடுமாய்யா?"

அன்பரசன் ஒயரை மாற்றினான். இப்போது லைட் தேவைப்படவில்லை. ஆனால் இண்டிகேட்டர் போட்டால் மட்டும் பாடியது, அதுவும் விட்டு விட்டு.

"இன்னாய்யா, பாடறவருக்கு விக்கலா? தண்ணி கொண்டாரட்டா?"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாற்றினான். பிரேக்கில் கால் வைத்தபடி பட்டனைத் தட்டினான். கணீரென்று பாடியது! அந்தச் சந்தோஷத்தில் செங்கொடியை ஏற்றிக்கொண்டு ராயபுரம் கிளம்பினான்.

தெருமுனை தாண்டுவதற்குள் பாட்டு நின்றது. பிரேக் போட்டான், பாடியது. காலை எடுத்தான், நின்றது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற இடத்தில் மட்டும் பாட்டு பிரமாதமாக ஓடியது. செங்கொடி தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டாள். வழி கிடைத்து வண்டி நகர்ந்ததும் அவள் முகம் வாடியது.

"தோ, அங்க ஒரு லாரி நிக்குது பாரு. அதும் பின்னால கொண்டுபோய் நிறுத்து. சரணம் பாக்கி கீது."

திரும்பி வந்து வீட்டெதிரே பிரேக் போட்டபோது பாட்டு அலறியது. காலை எடுத்ததும் கப்சிப். டென்னிஸ் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அன்பு, நின்னா பாடுது, நவுந்தா கம்முனு ஆயிடுது?"

டென்னிஸின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒளிந்திருப்பதாக அன்பரசனுக்குப் பட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் அப்டி வெச்சுகீறேன். ஓட்டும்போது கவனம் ரோட்டு மேல இருக்கணும்ல? கால வெச்சா பாட்டு, எடுத்தா கம்முனு. இதெல்லாம் கடையில செஞ்சு தரமாட்டான், டென்னிஸு."

டென்னிஸின் மனைவி ஜெஸ்லின் கொடியில் துணி போடுவதை நிறுத்திவிட்டு அன்பரசனையே பார்த்தாள்.

சொல்லியாகிவிட்டது; இனி ஊரறியக் கடைக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு தூங்கும் நேரமாகப் பார்த்து, ரகசியமாக இன்னொரு ஒயரை மாற்றிப்பார்த்தான். செட் பாடவில்லை. ஹார்ன் பாடியது. நிற்கவே இல்லை. தூங்கிய தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. டென்னிஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"டெஸ்டிங்கு! டெஸ்டிங்கு!" என்று கத்தியபடியே அன்பரசன் பேட்டரியைப் பிடுங்கினான்.

கூட்டம் கலைந்ததும் செங்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ கடைக்குப் போறியா, இல்ல நான் எங்கம்மா வூட்டுக்குப் போவட்டா?"

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னான். ஹார்ன் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரியை மாட்டி, தெரிந்தவர் கண்ணில் படாத இடமாகத் தேடி, மாத்தூரில் வசீம் என்பவரின் கடைக்கு வண்டியை ஓட்டினான். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அங்கே டென்னிஸின் கார். டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். குடல் சரிந்ததுபோல ஒயர்கள் தொங்கின. அன்பரசனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இருக்கிற சத்தம் போதாதென்று இன்னும் பெரிதாக எதையோ மாட்டப் போகிறான்!

"பாய்... இந்த வண்டிக்கு இன்னா புச்சா போடறீங்க?" என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

வசீம் நெற்றி வியர்வையை வழித்து எறிந்தார்.

"அத்த ஏன் கேக்கற நைனா? ஷோக்கா பாடிகினு இருந்த செட்டு. பக்கத்து வூட்டுக்காரன் எவனோ தானே மாட்டிகினானாம், பிரேக்குல கால வெச்சாத்தான் பாடுதாம். அதே மாதிரி நம்ம வண்டியும் பாடற வரைக்கும் சோறு கெடையாதுன்னு இந்த வண்டிக்காரரு பொஞ்சாதி சொல்லிட்ச்சாம்!"