குழந்தைக்கு வந்த வாஷிங் மெஷின் எச்சரிக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அத்தானும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கும் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; நலம் இருக்கிறது, நிம்மதிதான் இல்லை.

பிரசவ லீவு முடிந்து இன்றுதான் ஆபீஸ் போனேன். என் வேலை உனக்குத் தெரியும், வாஷிங் மெஷினோடு வரும் விளக்கப் புத்தகம் எழுதுவது. கம்ப்யூட்டரில் எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுதுவோம்; பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதே, முதல் பக்கத்தில் 'எச்சரிக்கை ஃபைலை இங்கே போடு' என்று ஒரு வரி எழுதினால் போதும், அதே ஃபோல்டரில் அந்தப் பெயரில் எது இருக்கிறதோ அதை இழுத்துப் போட்டுவிடும். நேற்று ராத்திரி ஆபீஸ் புத்தகத்தோடு, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் என் மாமனாருக்கும் அதே முறையில் ஒரு தாள் தயார் செய்தேன்; இரண்டு ஃபோல்டரிலும் எச்சரிக்கை ஃபைலுக்கு ஒரே பெயர். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செய்ததில் இரண்டு முதல் பக்கமும் ஃபோல்டர் மாறி உட்கார்ந்துவிட்டன. ஃபைல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருந்தேன் அக்கா. தப்பான ஃபைல் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

ஆபீஸில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் மெஷின் புத்தகத்தின் எச்சரிக்கையை வாசித்தார்: "ஏப்பம் வரும்வரை தோளில் போட்டு முதுகைத் தட்டவும்." பிறகு, "எந்தத் தோளில் மேடம்?" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்தால், பிள்ளை பாயில் உருண்டுகொண்டிருக்கிறான், மாமா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் மாமா தூக்கலை?"

"சுத்தும்போது கை வைக்கக் கூடாதுன்னு நீதானேம்மா எழுதியிருக்கே?"

"சட்டை எங்கே?"

"சத்தம் ஜாஸ்தியா வந்தா சுமையைக் குறைக்கணுமாம். கழட்டிட்டேன். குழந்தைங்களைக் கிட்ட விடக் கூடாதுன்னு இருந்துச்சு, பக்கத்து வீட்டுக் குட்டி விளையாட வந்தா, திருப்பி அனுப்பிட்டேன்."

"ஐயோ மாமா, இது மெஷினுக்கு எழுதினது!"

"தலைப்புல உன் பிள்ளை பேருதானே இருக்கு?"

இவரிடம் சொன்னால், "அப்பா எழுதினபடி செஞ்சிருக்கார், அதுல என்ன தப்பு?" என்கிறார். இனி பிள்ளையை யாரை நம்பி விட்டுப் போவேன்? நீ ஒரு மாதம் லீவு போட்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாளைக்கே ராஜினாமாதான். பஸ் ஏறிவிட்டுப் போன் பண்ணு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வாலுகளுக்கு ஆளுக்கொரு முத்தம், ஒரு குட்டு.

இப்படிக்கு,
கதிகலங்கிப்போன உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் பிள்ளையை எட்டிப் பார்த்தேன். தாலாட்டு இல்லை, தட்டல் இல்லை, பிள்ளை தானாகத் தூங்குகிறான். பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கியதில்லை. தூக்கப் போன என்னை மாமா தாளைக் காட்டித் தடுத்துவிட்டார்: "ஷ்ஷ்... சுத்துறது முழுசா நிக்கட்டும், அப்புறம் தொடலாம்." லீவு போடாதே அக்கா. ஆபீஸ் ஃபைலைத் திருத்திவிட்டேன். வீட்டு ஃபைலில் கை வைக்கவில்லை.