விற்பனைக்கு உகந்த மரம்

தண்ணீர் வடிகட்டி விற்பதற்குப் பட்டதாரிதான் வேண்டும் என்பது ஜாவாத் தீவின் எங்கள் செமாராங் நகரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். 'தீர்த்தா வெனிங்' நிறுவனத்தின் விளம்பரமும் அதையே வலியுறுத்தியது: இவ்வாண்டு பட்டம் பெற்றவர், இரண்டாண்டு அனுபவம் உடையவர், பார்வைக்கு இனிமையானவர், மன அழுத்தத்தை மகிழ்ச்சியோடு ஏற்பவர். இத்தனை தகுதியும் உள்ளவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம்.

என் பக்கத்து நாற்காலியில் கல்லூரித் தோழன் பிரசோஜோ. வேளாண்மைப் பட்டதாரி. அவனுக்கு இது நாற்பத்தோராவது நேர்முகம். நோன்புப் பெருநாளுக்குள் ஒரு உத்தியோகத்தோடு வந்து பெண் கேட்காவிட்டால், சுங்க இலாகா குமாஸ்தா வீர்யோவுக்கே பெண்ணைக் கொடுத்துவிடுவதாக அவன் காதலி செகாரின் அம்மா சொல்லியிருந்தார். பாவம், ஒரு வாரமாக அவனுக்குத் தூக்கமில்லை.

விற்பனையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது. ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு மரம் வரையவும்" என்றார்கள். மரத்தைப் பார்த்தால் மனிதன் தெரிந்துவிடுவானாம். நான் தென்னை வரைந்தேன். கிளை இல்லாதவனுக்குக் கிளை அலுவலகத்தில் இடமில்லை என்று ஐந்தே நிமிடத்தில் வெளியே அனுப்பினார்கள். கதவு திறந்தே கிடந்ததால் மீதியை வாசலில் நின்று கேட்டேன்.

தேர்வு மேலாளர் பாக் ஹெந்தார்த்தோ பிரசோஜோவின் தாளைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் ஊரில் மூத்த ஆண் 'பாக்', மூத்த பெண் 'இபு', இளைஞன் 'மாஸ்'.

"இலை எங்க மாஸ்?"

"இது தேக்குங்க பாக். ஆகஸ்ட் வறட்சியில இலையெல்லாம் உதிர்ந்துடும்."

"விற்பனைப் பிரிவுக்கு ஆகஸ்ட் கிடையாது. இலை இல்லேன்னா நம்பிக்கை இல்லாத ஆளுன்னு கையேட்டுல போட்டிருக்கு."

பிரசோஜோ இலை போட்டான்.

"வேர் ரொம்ப ஆழமாப் போகுதே. வேற ஊருக்கு மாத்தினா போகமாட்டீங்க."

வேரை அழித்தான்.

"இப்ப வேரே இல்லியே. மூணு மாசத்துல ஓடிடுவீங்க."

"பாதி வேர் வைக்கட்டுமா பாக்?"

ஹெந்தார்த்தோ கையேட்டைப் புரட்டினார். "பாதி வேர்னா தற்காலிகப் பணி. வைங்க."

காய் போட்டால் சம்பள உயர்வு கேட்பான், போடாவிட்டால் இலக்கை எட்டமாட்டான் என்று கையேடு சொன்னது. மூன்று மாங்காய், அதுவும் பிஞ்சு என்று பேசி முடித்தார்கள். கடைசியில் பார்த்தால் தேக்கு மரத்தில் மாவடு தொங்கியது. அவனுக்குப் பட்டம் கொடுத்த பேராசிரியர் அதைப் பார்த்திருந்தால் பட்டத்தைத் திரும்பக் கேட்டிருப்பார்.

"எப்படிக் கேட்டாலும் வளைஞ்சு குடுக்கிறீங்க. நீங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார் ஹெந்தார்த்தோ.

வெளியே வந்தவனைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டா, தேக்குல மாங்கா காய்க்குமா?"

"செகார் வீட்ல காய்ச்சாப் போதும்டா" என்றான்.

அந்த மாதம் வடிகட்டி வாங்க வந்தவர்கள் பதினொரு பேர். வேலை கேட்டு வந்தவர்கள் நானூறு பேர். நிர்வாகக் குழு கூடி, 'பொதுமக்களின் தாகம் தண்ணீருக்கானதல்ல, உத்தியோகத்துக்கானது எனக் கண்டறியப்பட்டபடியால்' வடிகட்டியை நிறுத்திவிட்டு, 'சரியான மரம் வரைவது எப்படி' என்ற பயிற்சியை விற்கத் தீர்மானித்தது. பிரசோஜோ ஊர் ஊராகப் போய் விற்றான், வகுப்பும் எடுத்தான். நானும் வெட்கத்தை விட்டு அதில் சேர்ந்து, தேறி, அவனுக்கே உதவியாளன் ஆனேன். பிறகு வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பதவி உயர்வுக்கு மரம் கேட்க ஆரம்பித்தன. வேலையில் இருந்தவர்களும் பயந்துபோய்ச் சேர்ந்தார்கள். ஹெந்தார்த்தோவே மாலை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பெருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புது பாத்திக் சட்டையும் விங்கோ பலகாரப் பெட்டியுமாகப் பெண் கேட்கப் போனோம். செகாரின் அம்மா இபு சுமியாத்தி தேநீர் கொடுத்தார்.

"வேலை கெடச்சிருச்சாமே, சந்தோஷம் தம்பி" என்றவர், தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் வைத்தார். "ஒரு மரம் வரைங்க. வரப்போற மாப்பிள்ளை மனசு தெரியணும்ல."

பிரசோஜோ சிரித்தேவிட்டான். நாலே நிமிடத்தில் குறையில்லாத மரம் ஒன்றை வரைந்து கொடுத்தான். அவர் அலமாரியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரு கோடுகூட விலகவில்லை.

"இது சுங்க இலாகா வீர்யோ தம்பி போன வாரம் வரைஞ்சது. உங்ககிட்டதான் கத்துக்கிட்டாராமே. ரொம்ப நல்லா சொல்லித் தர்றீங்கன்னு புகழ்ந்தாரு."

பிரசோஜோ இரண்டு தாளையும் வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ரெண்டு மரமும் ஒண்ணா இருக்கு. மரத்தை வச்சு முடிவு பண்ண வழியில்ல தம்பி. இலாகாவை வச்சுத்தான் பண்ணணும்."

உள்ளறையில் செகார் அழுவது கேட்டது. அம்மாவுக்கும் சங்கடம்தான் போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க. சின்னவ படிச்சு முடிச்சிட்டு வேலை தேடுறா. உங்க பயிற்சியில அவளுக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

பிரசோஜோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் திறந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்தான். நான் பேனா கொடுத்தேன்.